ஜப்பானில் புதிய வேன் வாங்கி மட்டக்களப்புக்கு எடுப்பது எப்படி: வரிகளும் வேலைகளின் ஒழுங்கும்

இலங்கையில் வாகன இறக்குமதிக்கு 2020 இல் விழுந்த தடை, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1 ஆம் திகதி முதல் நீங்கியது. அதன் பின்னர் காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்றுப் பகுதிகளில் சொந்தப் பெயரில் வேன் எடுக்க முயல்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். அவர்களுடைய பத்திர வேலைகளைப் பார்த்துவருபவன் என்ற வகையில் இதனை எழுதுகிறேன். பெரும்பாலானவர்கள் தடுமாறுவது வரியின் அளவை அறியாததால் அல்ல, வேலைகளைத் தலைகீழாகச் செய்வதால். வேனைப் பார்த்து, விலையைப் பேசி, முற்பணமும் அனுப்பிய பிறகுதான் வரி எவ்வளவு என்று கேட்கிறார்கள். அந்தக் கட்டத்தில் மாற்றக்கூடியது எதுவும் மிஞ்சியிருப்பதில்லை.

கீழே உள்ள படிகளை எழுதியிருக்கும் ஒழுங்கிலேயே செய்ய வேண்டும். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்குத் தேவையான ஓர் எண்ணையோ ஒரு பத்திரத்தையோ தருகிறது.

1. வேன் எந்த வகுப்பில் விழும் என்பதை முதலில் தீர்மானியுங்கள்

நாம் எல்லாவற்றையும் வேன் என்றே சொல்கிறோம். சுங்கத் திணைக்களத்துக்கு வேன்கள் எல்லாம் ஒரே வகுப்பு அல்ல. பொருட்களை வகைப்படுத்த உலக நாடுகள் பொதுவாகப் பின்பற்றும் எச்.எஸ். குறியீட்டின்படி, சாரதி உட்பட 10 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பயணிக்கும் வாகனம் 8702 ஆம் தலைப்பில் வரும். அதற்குக் குறைவானோர் பயணிக்கும் வாகனம், மோட்டார் காருடன் சேர்ந்து, 8703 இல் வரும். பொருட்கள் ஏற்றுவதற்கென்றே அமைந்த வாகனம் 8704 இல் வரும். உற்பத்தி வரி, வயதெல்லை, சொகுசு வரி ஆகிய யாவும் இந்த நான்கிலக்கத் தலைப்பையும் அதனைத் தொடரும் உட்பிரிவு இலக்கங்களையும் வைத்தே தீர்மானிக்கப்படுகின்றன.

ஹையேஸ் வேனை எடுத்துக்கொள்வோம். ஜப்பானில் அதே உடம்பு பல வடிவங்களில் விற்கப்படுகிறது: பொருள் வாகனமாகப் பதிவாகும் சாதாரண வேன், அதிலேயே 5 இருக்கைகளுடன் வரும் சூப்பர் ஜீ.எல்., 10 இருக்கை கொண்ட வேகன், 14 இருக்கை கொண்ட கொமியூட்டர். வெளியிலிருந்து படத்தில் பார்த்தால் இவற்றில் சிலவற்றைப் பிரித்தறிவதே கடினம். ஆனால், சுங்க மேசையில் இவை வெவ்வேறு வாகனங்கள்.

சூப்பர் ஜீ.எல். வகைதான் அதிகம் சிக்கல் தருவது. ஜப்பானியப் பத்திரத்தில் அது பொருள் வாகனம் என்று இருக்கும்; அதனால் இங்கும் 8704 இல் போகும் என்று தரகர் உறுதி சொல்லுவார். சுங்கம் ஜப்பானின் பதிவை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை, வாகனத்தின் அமைப்பைப் பார்க்கிறது. சாரதி ஆசனத்துக்குப் பின்னால் பாதுகாப்புப் பட்டியுடன் நிரந்தர இருக்கைகளோ, இருக்கை பூட்டுவதற்கான துளைகளும் பொருத்திகளுமோ இருக்கின்றனவா, இரு பக்கமும் பின்புறக் கண்ணாடி யன்னல்கள் இருக்கின்றனவா, முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் இடையே நிரந்தரத் தடுப்பு இருக்கிறதா, உட்புறம் பயணிகளுக்கு ஏற்றவாறு துணியும் விளக்கும் கொண்டு முடிக்கப்பட்டிருக்கிறதா என்பவையே கவனிக்கப்படும் அடையாளங்கள். கண்ணாடியும் பொருத்தியும் உள்ள, தடுப்பு இல்லாத வேனைப் பொருள் வாகனம் என்று காட்டி அனுப்பினால், வகுப்பு மாற்றப்பட்டு மேலதிக வரியும் தண்டமும் வரலாம்.

வாங்கும் முன் வேனின் உட்புறப் படங்களைக் கேளுங்கள்: பின்கதவைத் திறந்து எடுத்த படம், தரைவிரிப்பைத் தூக்கித் தரையின் பொருத்தித் துளைகளைக் காட்டும் படம், முன் ஆசனங்களின் முதுகுப்புறத்தைக் காட்டும் படம். இவற்றோடு தயாரிப்பாளரின் விபரப் பட்டியலையும் வைத்துக்கொண்டு, அனுபவமுள்ள சுங்க முகவரிடம் முழு எச்.எஸ். குறியீட்டை எழுத்தில் பெறுங்கள். சந்தேகம் இருந்தால், சுங்கத்திடமே வகைப்படுத்தல் குறித்து முன்கூட்டி எழுத்து மூலம் கேட்கலாம். அதற்குச் செலவாகும் நாட்களை யாரும் விரும்புவதில்லை. ஆயினும் வேன் துறைமுகத்தில் நிற்கும்போது இதே கேள்வி எழுந்தால் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஓடும்.

மேலும் ஒன்று. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் நமது வேன்களை இரட்டைப் பாவனை வாகனம் என்ற வகுப்பில் பதிவது வழக்கம். அது பதிவுக்கான வகுப்பு, சுங்கத்தின் வகுப்பு அல்ல. பக்கத்து வீட்டு வேனின் பதிவுப் புத்தகத்தைக் காட்டி, தனக்கும் அதே வரிதான் என்று வாதிடுவதில் பயனில்லை.

2. இறக்குமதிக்குத் தகுதியான வேனா என்று சரிபாருங்கள்

வகுப்புத் தெரிந்த பிறகே இதனைப் பார்க்க முடியும், ஏனெனில் வயதெல்லை வகுப்புக்கு வகுப்பு மாறுகிறது. மோட்டார் காருக்கு 3 ஆண்டுகள் என்ற எல்லையே எல்லோர் வாயிலும் இருப்பது. உங்கள் வேனின் குறியீட்டுக்கு எத்தனை ஆண்டு என்பதை நடைமுறையிலுள்ள இறக்குமதிக் கட்டுப்பாட்டு வர்த்தமானியில் குறியீட்டு இலக்கத்தைத் தேடிப் பாருங்கள்.

புதிய வேன்தானே, வயது எதற்கு என்று கேட்பவர்களுக்கு: ஜப்பானில் புதியது என்று விற்கப்படுபவற்றில் பல, ஒருமுறை பதிவு செய்யப்பட்டு ஓடாமல் நின்றவை. அந்தப் பதிவு அவற்றின் பத்திரத்தில் இருக்கும். பத்திரத்தில் காணப்படும் ஆண்டும் மாதமும் முதற்பதிவுக்கு உரியவை, தயாரிப்புக்கு உரியவை அல்ல. இலங்கையின் கணக்கு தயாரிப்புத் திகதியிலிருந்து கப்பலேற்றும் திகதி வரை ஓடுகிறது. தயாரித்துப் பல மாதங்கள் விற்பனையகத்தில் நின்ற பின் பதிவான வேன்கள் உண்டு. எனவே செசி இலக்கத்தைக் கொடுத்துத் தயாரிப்பு மாதத்தை உறுதிப்படுத்தும் பத்திரத்தை விற்பவரிடம் கேளுங்கள்.

சுக்கான் வலப்பக்கம் இருக்க வேண்டும். இடப்பக்கச் சுக்கான் வாகனத்தைச் சாதாரண பாவனைக்கு இறக்குமதி செய்ய அனுமதி இல்லை. இதனைச் சொல்லவும் வேண்டுமா என்று தோன்றலாம். ஆனால் சுவிஸிலோ பிரான்ஸிலோ ஜேர்மனியிலோ இருக்கும் மச்சான், தான் அங்கே நல்ல வேன் ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகச் சொல்லும் வீடுகள் நமது பகுதியில் நிறைய. அந்த நாடுகளில் ஓடுபவை இடப்பக்கச் சுக்கான் வாகனங்கள். அன்புக்கு நன்றி சொல்லி அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

யூரோ 4 மாசு வெளியேற்றத் தரம், சாரதிக்கும் முன்பயணிக்கும் காற்றுப்பை, ஏ.பி.எஸ். தடுப்பு (பிரேக்), முன் இருக்கைகளில் மூன்றுபுள்ளிப் பட்டி ஆகியனவும் தேவை. மலிவான பொருள் வேன் ரகங்களில் முன்பயணியின் காற்றுப்பை விருப்பத் தெரிவாக மட்டும் இருப்பதுண்டு. ரகத்தின் பெயரை நம்பாமல் அந்தக் குறிப்பிட்ட வேனின் படத்தில் பாருங்கள்.

3. இலங்கையில் உங்கள் பெயரைத் தயார் செய்யுங்கள்

வரி செலுத்துநர் அடையாள இலக்கம், அதாவது டின் இலக்கம், இறக்குமதிக்கும் பின்னர் பதிவுக்கும் அவசியம். அதிலுள்ள பெயர், தேசிய அடையாள அட்டையிலுள்ள பெயர், வங்கிக் கணக்கிலுள்ள பெயர் மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். நமது பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒன்றில் தந்தையின் பெயர் முதலெழுத்தாகவும் மற்றதில் முழுமையாகவும் இருப்பது சாதாரணம். பிரதேச செயலகத்தில் எவரும் அதனைப் பொருட்படுத்துவதில்லை. விற்பவருக்கு வங்கி வழியாகப் பணம் போவதற்கான நாணயக் கடிதத்தில் அதுவே முரண்பாடாகக் குறிக்கப்படும்.

வியாபாரம் செய்யாத தனிநபர் 12 மாதங்களுக்குள் ஒரு வாகனமே இறக்குமதி செய்யலாம். தம்பிக்கும் சேர்த்து இரண்டு வேன்களை ஒரே பெயரில் எடுக்கும் எண்ணம் இருந்தால் இங்கேயே கைவிடுங்கள்.

4. முற்பணம் அனுப்பும் முன் வரிக் கணக்கை எழுதிப் பாருங்கள்

இந்தப் படியில் சற்று நேரம் செலவிடத்தான் வேண்டும், ஏனெனில் வேனின் விலையை விட வரி பெரிதாக இருப்பது நமது நாட்டில் இயல்பான விடயம்.

கணக்கின் அடித்தளம் சீ.ஐ.எப். பெறுமதி: வேனின் விலையோடு கப்பல் கட்டணமும் கடற் காப்புறுதியும் சேர்ந்த தொகை. அதன் மேல் வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. 2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் தொடங்கியபோது அறிவிக்கப்பட்ட அமைப்பில், 8703 இல் வரும் வாகனத்துக்குச் சுங்க இறக்குமதி வரி 20%. அந்த வரியின் மீது 50% மேலதிகக் கட்டணம். அடுத்தது உற்பத்தி வரி. பெற்றோல், டீசல் வாகனங்களுக்கு எஞ்சினின் ஒவ்வொரு கன சென்ரிமீற்றருக்கும் இத்தனை ரூபாய் என்றும், முற்றாக மின்சாரத்தில் ஓடுபவற்றுக்கு கிலோவாற்றுக்கு இத்தனை ரூபாய் என்றும் அது அறவிடப்படுகிறது. கடைசியாகப் பெறுமதி சேர் வரி 18%.

பெறுமதி சேர் வரியின் அடித்தளத்தைத்தான் பெரும்பாலோர் தவறாகக் கணிக்கிறார்கள். அது வேனின் விலைக்கு மட்டும் விதிக்கப்படுவதில்லை. சீ.ஐ.எப். பெறுமதியை 10% உயர்த்தி, அதனோடு சுங்க வரி, மேலதிகக் கட்டணம், உற்பத்தி வரி ஆகிய மூன்றையும் கூட்டி வரும் தொகைக்கு 18%. வரிக்கும் வரி கட்டுகிறோம்.

ஓர் உதாரணம். சீ.ஐ.எப். 50 இலட்சம் ரூபாய், எஞ்சின் 2,000 கன சென்ரிமீற்றர் என்று வைப்போம். உற்பத்தி வரிக்குக் கணக்கின் வசதிக்காக மட்டும் ஒரு கன சென்ரிமீற்றருக்கு 5,000 ரூபாய் என்று எடுக்கிறேன். உண்மையான வீதம் எஞ்சின் அளவு, எரிபொருள், வயது ஆகியவற்றின்படி வேறுபடும். சுங்க வரி 10 இலட்சம். மேலதிகக் கட்டணம் 5 இலட்சம். உற்பத்தி வரி 1 கோடி. பெறுமதி சேர் வரியின் அடித்தளம் 55 இலட்சம், 10 இலட்சம், 5 இலட்சம், 1 கோடி சேர்ந்து 1 கோடி 70 இலட்சம். அதன் 18% ஆக 30 இலட்சத்து 60 ஆயிரம். மொத்த வரி 1 கோடி 45 இலட்சத்து 60 ஆயிரம் ரூபாய்.

இப்போது விற்பவரோடு பேரம் பேசி சீ.ஐ.எப். பெறுமதியில் 5 இலட்சம் குறைத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். வரி குறைவது 2 இலட்சத்து 76 ஆயிரம் மட்டுமே, ஏனெனில் உற்பத்தி வரி அசையவில்லை. பேரத்தை விட்டுவிட்டு 1,500 கன சென்ரிமீற்றர் எஞ்சின் கொண்ட வேனைத் தெரிவு செய்திருந்தால், அதே வீதத்தில் வரி 29 இலட்சத்து 50 ஆயிரம் குறைந்திருக்கும். உண்மையில் சிறிய எஞ்சின்களுக்கு வீதமும் குறைவு என்பதால் வித்தியாசம் இதைவிடக் கூடும்.

ஆகவே எஞ்சின் அளவைப் பத்திரத்திலுள்ள சரியான எண்ணில் எடுங்கள். நமது பகுதியில் எந்த ஹையேஸும் கே.டி.எச். தான். அந்தப் பெயர் 3 லீற்றர் டீசல் எஞ்சின் கொண்ட பழைய ரகத்துக்கு உரியது. அது 2,982 கன சென்ரிமீற்றர். பின்னர் வந்த டீசல் ரகத்தின் குறியீடு ஜீ.டி.எச்., அளவு 2,754. ரீ.ஆர்.எச். என்று தொடங்குபவை பெற்றோல்; அவற்றில் 1,998 உம் உண்டு, 2,693 உம் உண்டு. வரி அட்டவணை படிப்படியாக ஏறுவது. 2,754 உள்ள எஞ்சின், 2,750 இல் முடியும் படியைத் தாண்டி அடுத்த படியில் விழுந்துவிடும். வெறும் 4 கன சென்ரிமீற்றருக்காக முழு எஞ்சினுக்கும் கூடிய வீதம்.

சில வகுப்புகளுக்குப் பெறுமதி வரம்பைத் தாண்டும் தொகையின் மீது சொகுசு வரியும் உண்டு. உங்கள் குறியீட்டுக்கு அது பொருந்துமா என்று முகவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

வரி வீதங்கள் வர்த்தமானியால் ஒரே இரவில் மாறக்கூடியவை. வெளிநாட்டு நாணயத்தை ரூபாயாக்குவது சுங்கம் வாரந்தோறும் வெளியிடும் நாணய மாற்று வீதத்தில், வங்கியில் நீங்கள் கண்ட வீதத்தில் அல்ல. வேன் கடலில் வரும் வாரங்களில் யென் ஏறலாம். கணக்கிட்ட வரிக்கு மேல் பத்தில் ஒரு பங்கையாவது கையில் வைத்திராமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம் என்பது எனது அபிப்பிராயம்.

5. ஜப்பான் பக்கத்து வரிகளை விலைப்பட்டியலில் பிரித்துக் கேளுங்கள்

ஜப்பானில் வேன் வாங்குபவர் அங்குள்ள வரிகளையும் செலுத்துகிறார். ஏற்றுமதியாகும் வேனுக்கு அவற்றில் சில மீளக் கிடைக்கும், சில கிடைக்காது. மீளக் கிடைத்தது யாருடைய சட்டைப்பையில் போகிறது என்பதே கேள்வி.

நுகர்வு வரி 10% (2019 ஒக்டோபர் முதல்). ஏற்றுமதிக்கு இந்த வரி இல்லை. ஏற்றுமதி செய்யும் நிறுவனம் வேனை வாங்கும்போது செலுத்திய நுகர்வு வரியைத் தனது வரி அறிக்கை மூலம் திரும்பப் பெறும். வரியற்ற விலை 35 இலட்சம் யென் என்றால் வரி 3 இலட்சத்து 50 ஆயிரம் யென். உங்களுக்குத் தரப்படும் விலையில் இந்தத் தொகை உள்ளே இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். இருந்தால் நட்டம் இரட்டிப்பு: 4 ஆம் படியின் கணக்கில், சீ.ஐ.எப். பெறுமதியில் ஏறும் ஒவ்வொரு 100 ரூபாயும் இங்கே ஏறத்தாழ 55 ரூபாய் வரியை இழுத்துவருகிறது.

ஜப்பானில் வேலை செய்யும் உறவினர் தமது பெயரில் வாங்கி அனுப்பினால் மலிவு என்ற எண்ணம் பரவலாக உண்டு. தொழில் நடத்தி நுகர்வு வரி அறிக்கை சமர்ப்பிக்காத சாதாரண தனிநபருக்கு அந்த 10% மீளக் கிடைக்காது. வேனைப் பதிவு செய்ய அவருக்குத் தமது பெயர் முத்திரையைப் பதிவு செய்ததற்கான சான்றிதழும் வாகனம் நிறுத்த இடம் உண்டென்ற சான்றிதழும் வேண்டும். சில விற்பனையகங்கள் புதிய வாகனத்தைக் குறித்த காலத்துக்கு ஏற்றுமதி செய்யமாட்டேன் என்ற உறுதிமொழியில் கையொப்பமும் வாங்குகின்றன. லேண்ட் குரூசர் 300 இல் டொயோட்டா அவ்வாறு செய்தது 2021 இல் செய்தியானது. உறவினரின் உதவி வேண்டுமானால், வேனை நேரில் போய்ப் பார்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதுவே பெரிய உதவி.

மீள்சுழற்சிக் கட்டணம். புதிய வேனை வாங்கும்போதே, அது ஒருநாள் உடைக்கப்படுவதற்கான செலவு முற்கூட்டிச் செலுத்தப்படுகிறது. வேன் ஜப்பானை விட்டு வெளியேறினால் அதனை விண்ணப்பித்துப் பெறலாம். தொகை பெரிதல்ல, ஏற்றுமதியாளர் சொல்லாமல் எடுத்துக்கொள்வதும் வழக்கம். விலைப்பட்டியலில் கழித்துக் காட்டச் சொல்லுங்கள்.

வாகன வரி ஏப்ரல் 1 ஆம் திகதி உரிமையாளராக இருப்பவருக்கு ஓராண்டுக்கு விதிக்கப்படுவது. பதிவை நீக்கினால் மிகுதி மாதங்களுக்கான பணம் மீளும். சுசுகி எவ்ரி போன்ற 660 கன சென்ரிமீற்றருக்கு உட்பட்ட சிறுரக வேன்களுக்கு இந்த மாதக்கணக்கு மீளளிப்பு இல்லை. எடை வரி, உடைத்து அழிக்கப்படும் வாகனத்துக்கு மட்டுமே மீளும், ஏற்றுமதிக்கு மீளாது. பதிவே செய்யாத வேனை நேரடியாக ஏற்றுமதி செய்தால், பதிவோடு வரும் வாகன வரியும் எடை வரியும் எழுவதே இல்லை. இதனால்தான் பதிவு செய்து நீக்கிய வேனா, பதிவே ஆகாத வேனா என்று கேட்பது விலை பேசுவதற்கு முந்திய கேள்வியாகிறது.

இங்கிலாந்திலிருந்து எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. சுக்கான் வலப்பக்கம் என்பதால் தடை இல்லை. அங்கே பெறுமதி சேர் வரி 20%. விற்பனையகமே நேரடியாக ஏற்றுமதி செய்தால் அந்த வரியின்றி விற்கலாம். தனிப்பட்ட ஏற்றுமதித் திட்டம் என்று ஒன்றும் உண்டு. அது நாட்டை விட்டுப் புறப்படும் ஒருவர் தமது பாவனைக்காக வாகனத்தைக் கொண்டுசெல்வதற்கானது. லண்டனில் தொடர்ந்து வசிக்கப்போகும் அண்ணன் உங்களுக்கு அனுப்புவதற்கு அல்ல.

6. நாணயக் கடிதத்தைத் திறந்த பின்னரே கப்பலேற்ற விடுங்கள்

வாகன இறக்குமதிக்கான பணம் உரிமம் பெற்ற வர்த்தக வங்கியில் திறக்கப்படும் நாணயக் கடிதம் மூலம், அதாவது எல்.சி. மூலம், போக வேண்டும். இதற்கு விற்பவர் முன்கூட்டித் தரும் புரோபோமா விலைப்பட்டியல் தேவை. அதில் செசி இலக்கம், எஞ்சின் அளவு, எரிபொருள், இருக்கை எண்ணிக்கை, தயாரிப்பு ஆண்டும் மாதமும், விலை, கப்பல் கட்டணம், காப்புறுதி ஆகியன தனித்தனி வரிசைகளில் இருக்கட்டும்.

எல்.சி. யாருக்குச் சாதகமாகத் திறக்கப்படுகிறதோ அந்த விற்பனையாளரும், வேன் புறப்படும் நாடும் ஒன்றாக இருப்பது நல்லது. வேன் ஜப்பானிலிருந்து புறப்பட, பணம் வேறொரு நாட்டிலுள்ள இடைத்தரகரின் கணக்குக்குப் போகும் ஏற்பாட்டை ஒப்புக்கொள்ள வேண்டாம். சுங்கம் அந்த எல்.சி.யை ஏற்க மறுக்க இடமிருக்கிறது.

விலையைக் குறைத்துக் காட்டி, மிகுதியை வங்கிக்கு வெளியே, உண்டியலில் அனுப்பலாம் என்று ஆலோசனை சொல்பவர்கள் எந்த ஊரிலும் உண்டு. சுங்கம் ஒரே ரக வாகனங்களின் பெறுமதியைத் தன்னிடம் வைத்திருக்கிறது. பிடிபட்டால் தண்டமும் பறிமுதலும். பிடிபடாவிட்டாலும், மேலே பார்த்தபடி, விலையைக் குறைப்பதால் வரியில் கிடைக்கும் இலாபம் அற்பம்.

மட்டக்களப்பு, கல்முனை வங்கிக் கிளைகளில் விண்ணப்பத்தைக் கொடுக்கலாம், எல்.சி. வேலை பெரும்பாலும் கொழும்பிலுள்ள பிரிவில் நடப்பதால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் சில நாட்கள் போகும். அறுகம்பையில் ஏப்ரலில் தொடங்கும் பருவத்துக்கு உல்லாசப் பயணிகளை ஏற்ற வேன் வேண்டுபவர்கள், முந்திய ஒக்டோபர் நவம்பரிலேயே 1 ஆம் படியைத் தொடங்கியிருக்க வேண்டும்.

7. கப்பலேறும் முன் கையில் இருக்க வேண்டிய பத்திரங்கள்

பதிவான வேனாக இருந்தால் ஏற்றுமதிக்கான பதிவு நீக்கச் சான்றிதழ் வேண்டும். ஏற்றுமதி செய்யத் திட்டமிட்ட நாளுக்கு முந்திய 6 மாதங்களுக்குள்ளேயே அதற்கு விண்ணப்பிக்க முடியும். அதில் குறிப்பிட்ட நாளுக்குள் வேன் வெளியேற வேண்டும். சிறுரக வேன்களுக்கு இதனை வழங்குவது வேறொரு நிறுவனம், பத்திரமும் வேறு. அவற்றோடு ஆங்கில மொழிபெயர்ப்பு, விலைப்பட்டியலின் மூலப்பிரதி, கப்பலேற்றுப் பத்திரம், காப்புறுதிப் பத்திரம், பாவித்த வாகனமானால் கப்பலேற்றத்துக்கு முந்திய பரிசோதனைச் சான்றிதழ்.

பத்திரங்கள் எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக விரித்து, செசி இலக்கத்தை விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். பூச்சியமும் ஓ என்ற ஆங்கில எழுத்தும் மாறுவதும், நடுவிலுள்ள சிறுகோடு ஒரு பத்திரத்தில் விடுபடுவதும் அடிக்கடி நடப்பவை. கப்பல் புறப்படும் முன் திருத்துவது ஒரு மின்னஞ்சல் வேலை. புறப்பட்ட பின் கப்பல் நிறுவனம், வங்கி, விற்பவர் என மூன்று இடங்களில் பணமும் நாட்களும் போகும். கப்பலேற்றுப் பத்திரத்தின் திகதியையும் பாருங்கள். வேனின் வயது அந்தத் திகதி வரைதான் கணக்கிடப்படுகிறது.

8. துறைமுகத்தில் விடுவித்தல்

வாகனக் கப்பல்கள் பெரும்பாலும் அம்பாந்தோட்டைக்கு வருகின்றன. நமக்கு அது வசதி: அம்பாறையிலிருந்து சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய, தணமல்வில வழியாகப் போய்விடலாம், கொழும்பு நெரிசல் இல்லை.

சுங்க முகவர் கணினி மூலம் சுங்கப் பிரகடனத்தைச் சமர்ப்பிப்பார். அதில் அவர் இட்ட எச்.எஸ். குறியீடு, 1 ஆம் படியில் எழுதி வாங்கியதுதானா என்று பணம் கட்டும் முன் நீங்களே பாருங்கள். வரிப் பணம் முழுவதும் அந்த நேரத்தில் வங்கியில் தயாராக இருக்க வேண்டும். நிரந்தர வைப்பை உடைத்துப் பணம் வர ஒரு வாரம் என்ற நிலையில் கப்பல் வந்துவிட்டால், இலவச நாட்கள் முடிந்து துறைமுக வாடகை தொடங்கிவிடும்.

வேனைப் பொறுப்பெடுக்கும்போது இரண்டாவது சாவி, மேலதிகச் சில்லு, ஜக்கு, வானொலி, இருக்கைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்த்து, குறை இருந்தால் வாசலைத் தாண்டும் முன் எழுத்தில் பதியுங்கள். பதிவில்லாத வேனை ஓட்டிக்கொண்டு ஊருக்கு வர முடியாது. காவும் லொறியை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

9. 90 நாட்களுக்குள் பதிவு

சுங்கம் விடுவித்த வாகனத்தை 90 நாட்களுக்குள் உங்கள் பெயரில் பதிவு செய்ய வேண்டும். தாமதித்தால் சீ.ஐ.எப். பெறுமதியில் மாதம் 3% வீதம், அதிகபட்சம் 45% வரை, தாமதக் கட்டணம் வரும். 50 இலட்சம் ரூபாய் வேனுக்கு அது மாதம் ஒன்றரை இலட்சம். வேன் வீட்டு முற்றத்தில் நிற்கிறது, ஆறுதலாகப் பதியலாம் என்று கல்யாணம், நோன்புப் பெருநாள், பொங்கல் என ஒவ்வொன்றாகக் கழிய விட்டவர்களை எனக்குத் தெரியும்.

பதிவுக்குப் போகும்போது சுங்கப் பிரகடனத்தின் உரிய பிரதி, பதிவு நீக்கச் சான்றிதழின் மூலப்பிரதி, அடையாள அட்டை, டின் இலக்கம் ஆகியவற்றோடு 7 ஆம் படியின் பத்திரங்கள் முழுவதையும் கொண்டுசெல்லுங்கள். அதன்பின் காப்புறுதியை எடுத்து, பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் பெறலாம்.

பொருள் வேனாக எடுத்து, பதிவு முடிந்ததும் ஊர்க் கராஜில் இருக்கை பூட்டிப் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றலாம் என்ற திட்டம் எவருக்காவது இருந்தால் அதற்கு இங்கேயும் இடமில்லை. பதிவுப் புத்தகத்தில் உள்ள இருக்கை எண்ணிக்கையை மாற்றுவதற்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அனுமதியின்றிப் பூட்டினால் விபத்து நேர்ந்த நாளில் காப்புறுதி நிறுவனம் முதலில் எண்ணுவது அந்த இருக்கைகளைத்தான். பாடசாலைச் சேவைக்கோ உல்லாசப் பயணிகளுக்கோ வேன் வேண்டுமானால், அதற்கு வேண்டிய இருக்கைகளோடு வரும் ரகத்தை 1 ஆம் படியிலேயே தெரிவு செய்து, அந்த வகுப்புக்கான வரியைக் கட்டி எடுங்கள்.